நானே எடுத்த கை

நாங்கள் முதல்முறை நோர்வேயின் சாம்பியன்கள் ஆனபோது அந்தப் பிரிவில் எங்களைத் தவிர வேறு யாரும் போட்டியிடவில்லை. இந்த நாட்டில் இணை ஸ்கேட்டிங்கின் நிலைமை அதுதான். பனியில் சறுக்க ஆட்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு பெண்ணைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி ஐசில் சுற்றி வர ஒருவனும், அவன் கைகளை நம்பி மேலே ஏற ஒருத்தியும் ஒரே ஊரில், ஏறக்குறைய ஒரே வயதில் அகப்படுவது அரிது. எனக்கு அப்போது பதினான்கு வயது. அவனுக்குப் பதினாறு. "விழாமல் ஆடினாலும் தங்கம், விழுந்து ஆடினாலும் தங்கம். ஆகவே பயப்படாமல் ஆடுங்கள்" என்று பயிற்சியாளர் சொல்லி அனுப்பினார். நாங்கள் இரண்டு தடவை விழுந்தோம்.

அம்மா அந்தப் பதக்கத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். அங்கே ஒரு அன்ரி, "எத்தினை பேரோடை போட்டி போட்டு வெண்டவள்?" என்று கேட்டார். அம்மா கொஞ்சமும் தயங்காமல், "நோர்வே முழுக்கத் தேடிப் பாத்தவை, இவையை வெல்ல ஒருத்தரும் இல்லை" என்றார். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

நான் வளர்ந்தது ஒஸ்லோ நகரின் ட்வெய்ட்டாவில், அங்கே நிற்கும் உயரமான கட்டடங்களில் ஒன்றின் ஒன்பதாம் மாடியில். அப்பா பேருந்து ஓட்டினார். அம்மாவுக்கு ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. குளிர்காலம் வந்தால் பள்ளிக்கூடத்துக் காவலாளி விளையாட்டு மைதானத்துக்குக் குழாயால் தண்ணீர் அடிப்பார். மறுநாள் காலை அது ஐசாகிவிடும். பள்ளியில் இரவல் தந்த காலணி எனக்கு இரண்டு அளவு பெரிது. மூன்று சோடி காலுறை போட்டு நிரப்பிக்கொண்டு இறங்கினேன். அந்த வருடமே என்னை ஐஸ் மண்டபம் ஒன்றின் ஸ்கேட்டிங் வகுப்பில் சேர்க்கச் சொல்லி ஆசிரியை அம்மாவுக்குக் கடிதம் எழுதினார்.

தனியாக ஆடுவதில் நான் பெரிய கெட்டிக்காரி இல்லை. மற்றப் பிள்ளைகள் இரண்டு சுற்றுச் சுழன்று இறங்கும் இடத்தில் நான் ஒன்றரைச் சுற்றில் தரைக்கு வந்துவிடுவேன். ஆனால் ஆள் சின்னன், எலும்பும் தோலும், உயரத்துக்குப் பயமில்லை. பயிற்சியாளர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த பெண்மணி. தானும் ஒரு காலத்தில் இணையாக ஆடியவர். பேச்சு மிகக் குறைவு. ஒருநாள் அவர் என்னை இடுப்பில் பிடித்துத் தூக்கிப் பார்த்தார், காய்கறிக் கடையில் பூசணிக்காயைத் தூக்கிப் பார்ப்பது போல. பிறகு ஹாக்கி விளையாட வந்து, அடிபடப் பிடிக்காமல் எங்கள் பக்கம் ஒதுங்கியிருந்த ஒரு நெட்டைப் பையனைக் கூப்பிட்டு, "இவளைத் தூக்கு" என்றார். அவன் தூக்கினான். எனக்குப் பதினொரு வயதில் அப்படித்தான் தொடங்கியது.

அவனை இங்கே கூட்டாளி என்றே எழுதுகிறேன். ஒஸ்லோவின் தென்பக்கம் ஹவுகெட்டோவில் தாயுடன் இருந்தான். நாங்கள் காதலர்கள் இல்லை, ஒருநாளும் இருந்ததும் இல்லை. இத்தனை வருடமாக அதையே கேட்டவர்களுக்கு இதுவே என் பதில். நாங்கள் கதைப்பது நோர்வேஜிய மொழியில். அவன் சொன்னதை எனக்கு வரும் தமிழில் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் பயிற்சி முடிந்து அவன் எங்கள் வீட்டுக்கு வருவான். அம்மா புட்டு அவித்து வைத்திருப்பார். அவன் சம்பலையும் போட்டுக் குழைத்து, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சாப்பிடுவான். வீட்டுக்கு வந்த யாரோ, "உந்தப் பெடியன் ஆர்?" என்று கேட்டபோது அம்மா, "அவன்தான் பிள்ளையைத் தூக்கிறவன்" என்றார். வந்தவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் அதற்கு வேறு அர்த்தமும் இருப்பது அம்மாவுக்கு உறைத்தது. பதறிப்போய் பதக்கத்தை எடுத்துக் காட்டினார்.

அப்பா அவனோடு பேருந்துகளைப் பற்றிக் கதைப்பார். எந்தப் பாதையில் எந்த வளைவு குளிர்காலத்தில் வழுக்கும் என்பதுதான் இருவருக்கும் பொதுவான விஷயம். ஆனால் ஐஸ் மண்டபத்துக்கு மட்டும் அப்பா வந்ததே இல்லை. வேலை என்பார். வேலை இல்லாத நாட்களிலும் வேலை என்பார். ஒருமுறை என் ஆட்ட உடை குளியலறைக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. நான் திரும்பி வந்து பார்த்தபோது அதன்மேல் அப்பா ஒரு துவாயைப் போர்த்திவிட்டிருந்தார். மகளை ஒருவன் இடுப்பில் பிடிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்க அவரால் முடியவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. அந்த அளவுக்கு அவர் எனக்கு இடம் தந்ததே பெரிது என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு அது பெரிய மனக்குறை.

எனக்குப் பதினேழு வயதான வருடம், டிசம்பரில், நத்தார் பண்டிகைக்கு முன்னால் மண்டபத்தில் குடும்பங்களுக்காக ஒரு காட்சி நடந்தது. போட்டி இல்லை. சின்னப் பிள்ளைகள் நத்தார் கதைகளில் வரும் குள்ளர்களின் சிவப்புத் தொப்பியுடன் ஓடுவார்கள். கடைசியில் நாங்கள் இருவரும் ஆடுவோம். அதற்குள் எங்களிடம் மூன்று தங்கம் இருந்தது. அம்மா என்ன சொன்னாரோ தெரியாது, அன்று அப்பா வந்தார். பேருந்துச் சீருடை ஜாக்கெட்டோடு இரண்டாம் வரிசையில் கைகட்டி இருந்தார். திரையின் இடுக்கால் அவரைப் பார்த்ததும் எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

நடந்ததைச் சொல்வதற்கு முன் ஒரு விஷயத்தை விளங்கப்படுத்த வேண்டும். எங்கள் ஆட்டத்தில் பெரிய லிஃப்ட் என்று நாங்கள் சொல்வது இதுதான்: அவன் தன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே நீட்டியிருப்பான். நான் அவன் உள்ளங்கைகளில் என் உள்ளங்கைகளை ஊன்றி, முழங்கை மடங்காமல் மேலே நிற்பேன். அவன் சுழன்றபடி ஐசின் நீளத்துக்கும் போவான். எட்டு எண்ணும்வரை இரண்டு கையும் இரண்டு கையில் இருக்க வேண்டும். ஒரு கையை எடுத்துவிட்டு ஒற்றைக் கையில் நிற்பது அடுத்த படி. அதை மெத்தை போட்ட தரையில் சில தடவை செய்து பார்த்திருந்தோம். "ஐசில் இன்னும் இல்லை" என்று பயிற்சியாளர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அன்று விளக்குகளை அணைத்து, நீலமும் சிவப்புமாக வெளிச்சம் சுற்றவிட்டிருந்தார்கள். நான் மேலே ஏறினேன். ஐந்து எண்ணும்போது இரண்டாம் வரிசை எனக்குக் கீழே வந்தது. அப்பா கைகட்டியிருந்ததை விட்டுவிட்டு முன்னுக்குச் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு எண்ணும்போது நான் வலது கையை எடுத்தேன். கூட்டாளிக்குச் சொல்லவில்லை. சொல்ல நேரமும் இல்லை. எடுத்து, விரல்களை விரித்து, அப்பாவின் பக்கம் நீட்டினேன். அவன் இரண்டு கைக்கான பாரத்தோடு சுழன்றுகொண்டிருந்தான். என் பாரம் முழுவதும் ஒரே நொடியில் அவன் ஒரு மணிக்கட்டில் இறங்கியது. பிறகு எனக்குக் கூரை தெரிந்தது. பிறகு ஐஸ்.

தோள்பட்டை எலும்பு முறிந்தது. தலையிலும் அடி. அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அம்மா தொலைபேசியில் ஒவ்வொருவருக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "பிள்ளை லிஃப்டிலை இருந்து விழுந்திட்டாள்" என்று அழுதார். மறுமுனையில் இருந்தவர் எத்தனையாம் மாடி என்று கேட்டிருக்க வேண்டும். அம்மாவுக்கு அழுகைக்கு நடுவிலும் கோபம் வந்துவிட்டது. "மாடி இல்லையக்கா, பெடியன்ரை கையிலை இருந்து!"

மருத்துவர் என்னிடம் விழுந்தது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். நான் பதில் சொல்லுமுன் அவரே, தலையில் அடிபட்டவர்களுக்குச் சில சமயம் ஞாபகம் இருக்காது, பயப்பட வேண்டாம் என்றார். அது எனக்குத் திறந்து வைத்த கதவு போல ஆயிற்று. கட்டிலருகில் நின்ற அப்பா குனிந்து மெல்லக் கேட்டார்.

"பிள்ளை, அவன் கையை விட்டவனோ?"

"எனக்கு ஞாபகம் இல்லையப்பா."

எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. விரல்களை விரித்தது வரை.

அன்று பின்னேரம் கூட்டாளி ஒரு கடதாசிப் பையில் இலவங்கப்பட்டை பன் வாங்கிக்கொண்டு வந்தான். வார்டுக்கு வெளியே தாழ்வாரத்தில் அப்பா அவனை மறித்தார். கதவு சாத்தியிருக்கவில்லை. அப்பாவின் நோர்வேஜியம் பயணிகளோடு கதைத்துப் பழகியது. சுருக்கமும் மரியாதையுமாக இருக்கும். அன்றும் குரலை உயர்த்தவில்லை. "நீ போகலாம். இனி எங்கள் வீட்டுக்கு வர வேண்டாம்" என்றார். அவன், "என் மணிக்கட்டு... எனக்குத் தெரியவில்லை, அது விட்டுவிட்டது" என்றான். "ஓம். தெரியுது" என்று அப்பா தமிழில் சொல்லிவிட்டு உள்ளே வந்தார். கையில் அந்தப் பன் பை இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார்.

சாட்சி சொல்ல யாரும் இல்லை. சுற்றிய வெளிச்சத்தில் யார் கை முதலில் விலகியது என்று அப்பாவுக்கும் தெரியவில்லை. பயிற்சியாளர் அந்த நேரம் திரைக்குப் பின்னால் குள்ளர்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். அம்மா கைபேசியில் எடுத்ததில் ஐசின் ஓரம் மட்டும் இருந்தது. ஏனென்றால் அவன் என்னைத் தூக்கும்போதெல்லாம் அம்மா கண்ணை மூடிக்கொள்வார், கையும் தாழ்ந்துவிடும். வேறு யாரோ எடுத்ததில் நீல வெளிச்சமும் ஒரு நிழலும் கூக்குரலும்தான்.

நாலு மாதம் கழித்து நான் ஐசுக்குத் திரும்பினேன். அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: அவனோடு ஆடுவதென்றால் தூக்கக் கூடாது. தூக்காமல் இணை ஸ்கேட்டிங் என்பது சோறில்லாமல் கறி மாதிரி. ஆனாலும் பயிற்சியாளர் ஒத்துக்கொண்டார். பக்கம் பக்கமாகச் சுழல்வது, கைகோத்துச் சுற்றுவது என்று நாட்களைப் போக்கினோம். பயிற்சியாளர் அப்பாவிடம் கதைத்து, கடைசியில் சின்னத் தூக்கல்களுக்கு அனுமதி வாங்கியபோது பிரச்சினை வேறு பக்கத்தில் இருப்பது தெரிந்தது. கூட்டாளியால் முடியவில்லை. என்னை இடுப்பளவு தூக்குவான், அடுத்த நொடியே இறக்கிவிடுவான். "சரியா? நோகுதா? சரியா?" என்று நாலு தடவை கேட்பான். அவன் தன் மணிக்கட்டை எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தான். ஒன்றும் இல்லை என்றார்கள். நம்பாமல் இன்னோர் இடத்தில் காட்டினான். ஒவ்வொரு நாளும் ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கிப் பயிற்சி செய்தான். பயிற்சி முடிந்து டீ-பானா என்கிற நகர ரயிலில் வீட்டுக்குப் போகும்போதும் ஜாக்கெட் பைக்குள் அந்தப் பந்து அமுங்கி அமுங்கி எழும்புவது எனக்குத் தெரியும்.

நான் பக்கத்தில் இருந்து அதைப் பார்த்துவிட்டு, சன்னலுக்கு வெளியே திரும்பிக்கொள்வேன்.

சொல்லிவிடலாம் என்று நினைக்காத நாள் இல்லை. நாளாக ஆகச் சொல்வது கடினமானது. விழுந்த அன்று சொல்லியிருந்தால் அது ஒரு தவறு. ஒரு மாதம் கழித்துச் சொல்லியிருந்தால் அது ஒரு பொய். பதினோராம் மாதத்தில் அதற்கு என்ன பெயர் என்றே எனக்குத் தெரியவில்லை. நித்திரை குறைந்தது. சாப்பாடு இறங்கவில்லை. அம்மா அதை அடிபட்டதன் மிச்சம் என்று நினைத்து ரசம் வைத்துத் தந்தார்.

ஒரு வியாழக்கிழமை, பயிற்சி முடிந்து காலணிக் கயிற்றை அவிழ்க்கும்போது கூட்டாளி பயிற்சியாளரிடம் சொன்னான். "நான் நிற்பாட்டுகிறேன். அவளுக்கு வேறு ஒருவனைத் தேடுங்கள். என் கையில் ஒருத்தியைத் தூக்க எனக்குத் தகுதி இல்லை." அதைச் சாதாரணமாக, பேருந்து நேரம் சொல்வது போலச் சொன்னான். பயிற்சியாளர் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை நான் ரயிலேறி ஹவுகெட்டோவுக்குப் போனேன். முதல் நாள் நல்ல பனி கொட்டியிருந்தது. அவன் வீட்டு வாசலில் பனியை வாரித் தள்ளிக்கொண்டு நின்றான். என்னைக் கண்டதும், "மறுபடி ஆடச் சொல்லிக் கேட்க வந்தாயா? நான் மாற மாட்டேன்" என்றான். சுவரோரம் இன்னொரு மண்வாரி சாய்த்து வைத்திருந்தது. அதை எடுத்து நானும் வாரத் தொடங்கினேன். கையில் ஏதாவது இருந்தால் சொல்வது சுலபம் என்று தோன்றியது.

"நீ விடவில்லை" என்றேன். "நான்தான் கையை எடுத்தேன்."

அவன் இன்னும் இரண்டு தடவை வாரிக் கொட்டினான். பிறகுதான் நின்றான்.

"எந்தக் கை?"

"வலது."

"எத்தனையாம் எண்ணிக்கையில்?"

"ஆறு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். உதடு அசைந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறான் என்று விளங்கியது. ஆறில் அவன் வலது தோள் தானாக ஒருமுறை உதறியது. கண்ணைத் திறந்து தன் இடது மணிக்கட்டைப் பார்த்தான்.

"ஆகவே இதற்கு ஒன்றும் இல்லை" என்றான்.

"ஒன்றும் இல்லை."

"உனக்கு எப்போது ஞாபகம் வந்தது?"

"மறக்கவே இல்லை."

அதற்குப் பிறகுதான் அவனுக்குக் கோபம் வந்தது. அவன் கோபப்பட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "பதினொரு மாதம்!" என்று கத்தினான். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "நான் ஒவ்வொரு நாளும்... உன் அப்பா என்னை..." வசனம் முடியவில்லை. "வீட்டுக்குப் போ" என்றான். நான் மண்வாரியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனேன். நிலையத்துக்கு நடக்கும்போது அழுதேன்தான். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், நெஞ்சுக்குள் பதினொரு மாதமாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று தளர்ந்து, மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது. ரயில் மேடையில் நின்று ஒரு பெரிய கொட்டாவி விட்டேன். வெட்கமாக இருந்தது.

ஒன்பது நாள் அவனிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. பத்தாம் நாள் கைபேசியில் ஒரு செய்தி வந்தது. "அடுத்த செவ்வாய் காலை ஆறேகால், ஐஸ். பயிற்சியாளருக்கும் உன் அப்பாவுக்கும் நீயே சொல்ல வேண்டும். அதற்கு முன் உன்னைத் தொட மாட்டேன்."

பயிற்சியாளருக்கு அன்றே சொன்னேன். அவர், "ஒரு மாதம் தரையில்" என்றார். அதாவது ஐசில் இறங்காமல், மெத்தையில் நின்று கையை நீட்டிப் பிடிக்கிற பயிற்சி மட்டும். அந்தத் தண்டனையை நான் சந்தோசமாக ஏற்றுக்கொண்டேன்.

அப்பாவிடம் சொல்வதுதான் மலை. அந்தச் சனிக்கிழமை அம்மா சாமான் வாங்க ஒஸ்லோவுக்கு வெளியே ஸ்ட்ரோம்மனுக்குப் போக வேண்டும் என்றார். அங்கே இருக்கும் பெரிய வணிக வளாகத்துக்குள் அப்பா வர மாட்டார். வாகனத் தரிப்பிடத்தில் காருக்குள் இருந்து வானொலி கேட்பார். நானும் இறங்காமல் பின் ஆசனத்திலிருந்து முன் ஆசனத்துக்கு மாறினேன்.

"ஏன், நீ போகேல்லையே?"

"அப்பா, ஒண்டு சொல்லவேணும்."

அவர் வானொலியை நிற்பாட்டினார்.

"அண்டைக்கு அவன் கையை விடேல்லை. நான்தான் எடுத்தனான். எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது."

கண்ணாடியில் பனித்தூறல் விழுந்து உருகிக்கொண்டிருந்தது. அப்பா துடைப்பானைப் போட்டார், நிற்பாட்டினார், பிறகும் போட்டார்.

"நீயே எடுத்தனி?"

"ஓம்."

"ஏன் பிள்ளை எடுத்தனி?"

"நீங்கள் பாத்துக்கொண்டிருந்தனீங்கள்."

அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தார். பேருந்து ஓட்டுகிறவர்களுக்கு முகத்தில் எதையும் காட்டாமல் இருக்க வரும்.

"நான் அந்தப் பெடியனை ஆஸ்பத்திரியிலை வைச்சு என்ன சொன்னனான் எண்டு உனக்குக் கேட்டதோ?"

"கேட்டது."

"கேட்டுக்கொண்டும் பேசாமல் கிடந்தனி."

"ஓம் அப்பா."

அவர் காரை எடுத்தார். தரிப்பிடத்தை விட்டு வெளியே வந்து பெருந்தெருவில் ஏறினார். என்னை ஏசப்போகிறார் என்று காத்திருந்தேன். ஒஸ்லோவுக்குள் வந்து தெற்கே, ஹவுகெட்டோ பக்கம் திரும்பியபோதுதான் எங்கே போகிறோம் என்று விளங்கியது. அதே நேரம் அம்மாவின் அழைப்பு வந்தது.

"எங்கை நிக்கிறியள்? நான் ரெண்டு தரம் சுத்திப் பாத்திட்டன், காரைக் காணேல்லை!"

அப்பா முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்தார். "ஐயோ, அம்மாவை விட்டிட்டு வந்திட்டன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அப்பாவுக்கும் தோள் குலுங்கியது. தொலைபேசியில் அம்மா, "என்ன சிரிப்பு? இஞ்சை இறைச்சி உருகுது!" என்றார். "வாறம் வாறம். ஒரு அலுவல். உள்ளை போய் ஒரு கோப்பி குடியும்" என்றார் அப்பா.

ஹவுகெட்டோவில் கதவைத் திறந்தது கூட்டாளியின் அம்மா. அப்பாவைக் கண்டதும் அவர் முகம் இறுகியது. அதில் நியாயம் இருந்தது. அப்பா சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே வராமல் மிதியடியிலேயே நின்றார். கூட்டாளி மாடியிலிருந்து இறங்கி வந்தான். அப்பா நோர்வேஜியத்தில் தொடங்கினார். "நான் உன்னோடு பிழையாக..." சொல் அகப்படவில்லை. மறுபடி தொடங்கினார். அதுவும் நடுவில் நின்றது. கடைசியில் தமிழுக்கு வந்துவிட்டார்.

"தம்பி, நான் உம்மைப் பிழையா நினைச்சிட்டன். விசாரிக்காமல் சொல்லிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளும்."

நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். கூட்டாளி கை காட்டி நிறுத்தினான். அவனுக்குத் தெரிந்த தமிழ் மிகக் கொஞ்சம். எல்லாம் எங்கள் சமையலறையில் பொறுக்கியது. அதில் தேடி, அப்பாவைப் பார்த்து, "சாப்பிட்டியளா?" என்றான்.

அப்பா அங்கேயே, மிதியடியில் நின்றபடி, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். கூட்டாளியின் அம்மா ஓடிவந்து அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். கோப்பி குடித்தோம். அப்பா அந்த வீட்டுப் பாதையில் பனி நன்றாக வாரியிருப்பதைப் பாராட்டினார். அம்மாவை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. நடந்ததைக் கேட்டு முடித்த அம்மா, ஏசுவதற்கு ஆளைத் தெரிவு செய்ய முடியாமல், உருகிப்போன இறைச்சியை அன்றே முழுவதும் சமைத்தார். "அந்தப் பிள்ளையையும் வரச்சொல்லு" என்றார்.

என் தரைத் தண்டனை முடிந்து நாங்கள் மறுபடி பெரிய லிஃப்டுக்கு வந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. அவன் பயம் போன இடம் தெரியவில்லை. ரப்பர் பந்தோடு பதினொரு மாதம் போராடியதில் மணிக்கட்டு இரும்பாகியிருந்தது. இப்போது பயம் எனக்குத்தான். மேலே ஏறியதும், "இறக்கு, இறக்கு" என்பேன். அவன் இறக்குவான். ஒருமுறையும் முகம் சுளிக்கவில்லை. "என்ன செய்யப்போகிறாய் என்று மேலேயிருந்து சத்தமாகச் சொல். அது போதும்" என்றான். அன்றிலிருந்து நான் ஒவ்வொரு எண்ணிக்கையையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஏறினேன். போட்டிகளிலும் அதை விடவில்லை. முன்வரிசையில் இருப்பவர்களுக்குப் பாட்டோடு சேர்ந்து என் குரலும் கேட்கும்.

அடுத்த சாம்பியன் போட்டியில் மூன்று இணைகள். முதல்முறையாக எங்களிடம் தோற்க ஆட்கள் இருந்தார்கள். அப்பா வந்திருந்தார், இம்முறை முதல் வரிசையில். எட்டு முடிந்து, "வலது" என்று நான் சத்தமாகச் சொல்லி, கையை எடுத்தேன். அவன் அசையவில்லை. அந்தத் தங்கத்தை மட்டும்தான் நான் உண்மையில் வென்றதாக நினைக்கிறேன். கீழே இறங்கி வந்ததும் அப்பா என்னைத் தாண்டிப் போய் முதலில் அவனைக் கட்டிப்பிடித்தார்.

அதற்குப் பிறகும் ஆறு வருடம் ஆடினோம். இங்கே வென்றோம், வெளிநாடுகளில் கடைசிக்குக் கிட்ட வந்தோம். பெரிய நாடுகளின் இணைகள் எங்களைவிட எங்கேயோ இருந்தார்கள். அதில் வருத்தம் இல்லை. அவர்கள் ஆடும்போது நாங்கள் இருவரும் ஓரத்தில் நின்று வாயைப் பிளந்து பார்ப்போம். கூட்டாளிக்கு முதுகு நோகத் தொடங்கியது. எனக்குப் படிப்பு முடிந்து, ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்-ரே பிரிவில் வேலை கிடைத்திருந்தது. ஒரு பருவத்தின் நடுவில் மதியச் சாப்பாட்டுப் பாண் துண்டைக் கடித்துக்கொண்டே அவன், "இதோடு போதுமா?" என்றான். "போதும்" என்றேன். அதைவிடச் சுருக்கமாக நாங்கள் எதையும் முடிவு செய்ததில்லை.

கடைசிப் போட்டி வேறு நகரம் ஒன்றில் நடந்தது. நன்றாக ஆடினோம் என்றே நினைக்கிறேன். எனக்கு ஞாபகம் இருப்பது, முடிந்து குனிந்து வணக்கம் சொல்லும்போது அவன் காதோரம், "யாரும் செத்துப்போகவில்லை" என்று சொன்னதுதான். ஞாயிறு ரயிலில் திரும்பினோம். வழி முழுக்க இருவரும் நித்திரை. ஒஸ்லோ மத்திய நிலையத்தில் பைகளைத் தூக்கிக்கொண்டு, "சரி, பிறகு பார்ப்போம்" என்று பிரிந்தோம். அவன் தன் ரயிலுக்கும் நான் டீ-பானாவுக்கும் போனோம். பதினான்கு வருடம் அப்படி முடிந்தது.

மறுநாள் காலை பழக்கதோசத்தில் ஐந்து மணிக்கு விழிப்பு வந்தது. வெளியே பனி. எழும்பிக் காலுறையைத் தேடிக் கட்டிலோரம் இருந்தேன். பையை இரவே அடுக்கி வைக்கவில்லை என்று நெஞ்சு ஒருமுறை திடுக்கிட்டது. பிறகுதான் நினைவு வந்தது, இன்றைக்கு யாரும் என்னைத் தூக்கப்போவதில்லை. நான் விழப்போவதும் இல்லை. வேலைக்கும் அன்று லீவு போட்டிருந்தேன். போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு படுத்தேன். பத்தரை மணிக்கு அம்மா கதவைத் திறந்து வந்து என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, காய்ச்சலோ?"

"இல்லையம்மா. நித்திரை."

"அப்ப சரி. படு" என்று சொல்லி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.